அசைவுக்கு அரிச்சுவடி தந்த ஈவ் ஜென்ட்ரி

பிலாட்டிஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, பேரங்காடியின் மேல்தளத்தில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நடக்கும் வகுப்பும் அதற்கான கட்டணமும்தான். இப்பயிற்சியை உருவாக்கியவர் ஜோசப் பிலாட்டிஸ் (1883–1967) என்ற ஜெர்மானியர். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் தடுத்து வைக்கப்பட்டிருந்த அவர், பிற்காலத்தில் நியூயார்க்கில் குடியேறி, சுருள்வில் பொருத்திய கருவிகளோடு பயிற்சிக்கூடம் நடத்தினார். அவருடைய மாணவி ஈவ் ஜென்ட்ரியை அறிந்தவர்கள் குறைவு.

1909இல் கலிபோர்னியாவில் பிறந்த ஜென்ட்ரி, ஹன்யா ஹோம் குழுவில் ஆடிய நவீன நடனக் கலைஞர். நடன அசைவுகளைக் குறியீடுகளால் தாளில் எழுதிவைக்க 1940இல் நியூயார்க்கில் நடனக் குறியீட்டு நிலையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஓர் அசைவு எங்கே தொடங்குகிறது என்று கூர்ந்து பார்க்கும் பழக்கம் அவருக்கு அப்போதே இருந்திருக்க வேண்டும்.

பின்னர் மார்பகப் புற்றுநோய் அவரைத் தாக்கியது. அக்காலத்து அறுவைச் சிகிச்சையில் மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளும் அக்குள் நிணநீர்க் கணுக்களும் அகற்றப்பட்டன. கையை உயர்த்துவதே பெரும்பாடு. நடனமணிக்கு அது எத்தகைய இழப்பு! பிலாட்டிஸின் துணையோடு அவர் கையின் முழு அசைவையும் மீட்டார். அதைப் படமெடுத்து மருத்துவர்களிடம் காட்டியபோது அவர்கள் நம்பவில்லையாம். உடை மறைத்திருந்ததே காரணம். அறுவைத் தழும்பு தெரியுமாறு மீண்டும் படமெடுத்தார்கள் என்பது பிலாட்டிஸ் ஆசிரியர்கள் இன்றும் சொல்லும் செய்தி.

1968இல் அவர் சாண்டா ஃபே நகருக்குக் குடிபெயர்ந்தார். வலியோடும் காயத்தோடும் வருபவர்களால் பிலாட்டிஸின் கடினமான பயிற்சிகளை உடனே செய்ய முடியாது. எழுத்துத் தெரியாதவரிடம் செய்யுளைக் கொடுத்தால் என்ன ஆகும்? எனவே அவர் அரிச்சுவடியைத் தயாரித்தார். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவும் ஈரமணலில் தடம் பதிப்பதுபோல் தரையில் இறங்குவதை உணர்வது ஒன்று. இடுப்பு சற்றும் அசையாமல் ஒரு காலை மட்டும் மெல்லத் தூக்குவது இன்னொன்று. பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும். ஆனால், அவசரமாகத் தூக்கினால் தொடையின் பெரிய தசைகளே முந்திக்கொண்டு வேலையை முடித்துவிடும். வயிற்றின் ஆழத்திலுள்ள தசைகளுக்கு வாய்ப்பே கிடைக்காது. மெதுவாகச் செய்தால்தான் தேவையற்ற இறுக்கம் எங்கே இருக்கிறது என்பது தெரியவரும்.

மூல முறையை இவை மென்மையாக்கிவிட்டன என்று குறைபடுவோரும் உண்டு. நோயிலிருந்து மீண்ட ஒருவரை வகுப்புக்குள் அழைத்துவர இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

1991இல் சாண்டா ஃபேயில் பிலாட்டிஸ் முறைக்கான கழகம் அமையத் துணைநின்ற ஜென்ட்ரி, 1994இல் மறைந்தார். 2000ஆம் ஆண்டில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, 'பிலாட்டிஸ்' எவருடைய தனி வணிகச் சின்னமும் அன்று எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் வகுப்புகள் உலகெங்கும் பெருகின; அவற்றுள் பலவற்றில் புதியவர்கள் முதலில் கற்பது அவர் வகுத்த இந்தப் படுத்த நிலைப் பயிற்சிகளைத்தான்.