ஏலம் வீட்டுக்குப் போனது, கொழுந்து போகவில்லை

2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. அன்று பின்னேரம் அவசர அவசரமாகக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு மூன்று நாளில் திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கடைக் கணக்கெல்லாம் கடையிலுள்ள கணினிக்குள். கணினி இரும்புக் கதவுக்குள். கதவின் திறப்பு மட்டும் என் சட்டைப்பைக்குள்.

பலாங்கொடைப் பக்கத்தில் பலசரக்கு வியாபாரம் செய்பவன் நான். என்னிடம் கடனுக்குச் சாமான் எடுப்பவர்களில் பாதிப்பேர் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்கள். மீதிப்பேர் தோட்டத்து லயங்களில் இருப்பவர்கள். கொழுந்துக் காசு வந்தால்தான் கடன் கொப்பியில் கோடு விழும். அந்தக் காசு எப்படி வருகிறது என்பதை நமது வியாபாரிகளில் பலர் யோசித்துப் பார்ப்பதில்லை. நானும் அந்த ஊரடங்குக் காலத்தில்தான் யோசித்தேன்.

காலையில் பறித்த கொழுந்து அன்றே லொறியில் தொழிற்சாலைக்குப் போகவேண்டும். நாலரைக் கிலோ அளவு கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிக் கொழும்புக்குப் போகிறது. அங்கே தரகர் கம்பனிகள் மாதிரி எடுத்து, ருசி பார்த்து, பட்டியல் போட்டு ஏலத்தில் விற்கின்றன. அந்த விலையை அடிப்படையாக வைத்தே கொழுந்து கொடுத்தவருக்கு 68 வீதம், தொழிற்சாலைக்கு 32 வீதம் என்று அக்காலத்தில் பிரிக்கப்பட்டது. ஆகவே ஏலம் நின்றால் காசு மட்டுமல்ல, கொழுந்துக்கு விலை என்ற ஒன்றே இல்லாமல் போகும். நாட்டின் தேயிலையில் 70 வீதத்துக்கும் மேல் சிறுதோட்டக்காரர்களின் கொழுந்து என்பதை நினைத்தால் விடயத்தின் பாரம் விளங்கும்.

ஊரடங்கோடு ஏலம் நின்றது. தோட்ட வேலைக்கு அரசாங்கம் அனுமதி கொடுத்திருந்தது. கொழுந்தும் நிற்கவில்லை. வாரத்துக்கொரு தடவை பறிக்காவிட்டால் அது முற்றிப்போகும், நோய் வந்திருக்கிறது என்று செடிக்குத் தெரியாது. கொழுந்து சேகரிக்கும் ஒருவர் தினமும் தொலைபேசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: “முதலாளி, இந்த மாசம் பெக்டரியில காசு போடுவாங்களா?” எனக்கெப்படித் தெரியும்?

கொழும்பு ஏலம் 1883 ஜூலை 30 ஆம் திகதி தொடங்கியது. அன்று முதல் ஒரு மண்டபத்தில் கூடி, வாயால் கூவி விற்பதே வழக்கம். குன்னூர் உட்பட இந்திய ஏல நிலையங்களுக்குக் கணினி ஏலம் வந்து பத்து வருடமாகியும் கொழும்பு அசையவில்லை. பல வருடங்கள் பேசினார்கள். மண்டபத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம், ஒரு லொட்டை இருவர் பங்கிட்டு எடுக்கலாம், நிமிடத்தில் பல லொட் விற்கலாம், இதெல்லாம் திரையில் நடக்குமா என்ற சந்தேகம். வியாபாரியாக அந்தச் சந்தேகத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதே கொழும்பு, தேயிலை வர்த்தகர் சங்கமும் தேயிலைச் சபையும் ஒன்றுசேர்ந்து, ஏப்ரல் 4 ஆம் திகதி சனிக்கிழமை முதலாவது இணைய ஏலத்தை நடத்திக் காட்டியது. ஊரடங்கு போட்டுப் பதினைந்தாம் நாள்! வாங்குபவர்கள் அவரவர் வீட்டிலிருந்து விலை கேட்டார்கள்.

இது ஏதோ மந்திரத்தால் நடந்ததாகச் சிலர் பேசினார்கள். அப்படியில்லை. யார் விற்பவர், யார் வாங்குபவர், யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், எத்தனை நாளில் பணம் கட்டவேண்டும் என்ற ஒழுங்கெல்லாம் ஏற்கெனவே எழுத்தில் இருந்தது. பட்டியலும் இருந்தது. இடம்தான் மாறியது. ருசி பார்ப்பதை மட்டும் கம்பியில் அனுப்ப முடியாது. மாதிரிப் பொட்டலங்கள் வாகனத்தில்தான் போகவேண்டும், அதற்கு ஊரடங்கு அனுமதிப் பத்திரம் வேண்டும்.

பெரிய கம்பனிகள் எல்லாமே இப்படித் தப்பவில்லை. வெளியிலிருந்து கம்பனிக் கணினிக்குள் நுழைய ‘விபிஎன்’ என்றொரு பாதுகாப்பான பாதை உண்டு. பிரயாணம் போகும் இருபது அதிகாரிகளுக்காக அமைத்த பாதையில் ஒரே காலையில் இருநூறு பேர் ஏறினால் என்னவாகும்? மேசைக் கணினியை வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. காசோலைக்குக் கையொப்பமிடுபவர் வேறு மாவட்டத்தில் அகப்பட்டுக்கொண்டால் மடிக்கணினி இருந்தும் பயனில்லை. 2003 இல் சார்ஸ் நோய் ஹொங்கொங்கையும் சிங்கப்பூரையும் ஆட்டியபோதே இந்தப் பாடம் வந்துவிட்டது. பறவைக் காய்ச்சல் பயத்தில் 2006 இல் அமெரிக்க அரசாங்கம், ஊழியர்களில் 40 வீதம் பேர் வரமாட்டார்கள் என்று வைத்துத் திட்டம் போடுங்கள் என்று கம்பனிகளுக்குச் சொன்னது. நாம் அதை வெளிநாட்டுச் செய்தியாக வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம்.

என் கதைக்கு வருகிறேன். கடையைத் திறக்க அனுமதி எடுத்துப் போய்க் கணினியை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். போட்டால் இரகசியச் சொல் கேட்கிறது. அது தெரிந்த ஒரே ஆள் பெல்மதுளையிலுள்ள கணக்குப் பொடியன். போன் எடுத்துக் கொஞ்சம் சத்தம் போட்டேன். “ஒருத்தருக்கும் சொல்லாதே எண்டு நீங்கதானே நானா சொன்னீங்க” என்றான். உண்மைதான். சொல்லைத் தந்தான். கணக்குத் திறந்தது, ஆனால் பெப்ரவரி கடைசி வரைதான் இருந்தது. மார்ச் மாதப் பற்றுச்சீட்டுகள் இன்னும் கடை லாச்சியில். வாடிக்கையாளர் சொன்ன தொகையை நம்பித்தான் அந்த மாதக் கணக்கை எழுதினேன். ஒரு சிலரைத் தவிர எல்லோரும் சரியாகவே சொன்னார்கள். அந்த ஒரு சிலரை நான் இன்னும் மறக்கவில்லை!

கொழுந்துக் காசு பிந்தித்தான் வந்தது, ஆனால் வந்தது. 2019 இல் கிலோ 550 ரூபாவுக்குச் சற்றுக் குறைவாயிருந்த ஏலச் சராசரி 2020 இல் 630 ரூபாவைத் தாண்டியது. அதற்கு வரட்சியால் விளைச்சல் குறைந்ததும் ஒரு காரணம். ஏலம் இரண்டு மாதம் நின்றிருந்தால் அந்த விலையும் எங்கள் பக்கம் எட்டியிராது. கொழும்பில் வாங்குபவர் வீட்டு மேசையில் இருந்து விலை கேட்க, இங்கே 700 ரூபா அடிப்படை நாட்சம்பளத்துக்குப் பறித்த பெண்கள் எப்போதும்போல் மலையில்தான் நின்றார்கள். முகக்கவசம்கூட ஆரம்பத்தில் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்து வேலை என்று பத்திரிகைகள் எழுதியபோது இவர்களை யாரும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. இவர்கள் நின்றதால்தான் அந்தத் திரையில் விற்க ஏதோ இருந்தது.

பிறகு 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது வீட்டிலிருந்து வேலை செய்யும் ஆயத்தம் என்பது எத்தனை கயிறுகளில் தொங்குகிறது என்று மறுபடி கண்டோம்.

இப்போது கணக்கின் பிரதி வாரத்துக்கொருமுறை என் வீட்டுக்கு வருகிறது. இரகசியச் சொல் இரண்டு பேருக்குத் தெரியும். பற்றுச்சீட்டு அன்றன்றே பதியப்படுகிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையைத் திறக்காமலே வீட்டிலிருந்து ஒரு நாள் கணக்கை முடிக்க முடியுமா என்று பொடியனும் நானும் சோதித்துப் பார்த்தோம். ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். பத்தரைக்கு மழை பிடித்தது, சிக்னல் போய்விட்டது. அடுத்த மாதம் வேறு கம்பனி சிம் போட்டுப் பார்க்கலாம் என்கிறான்.