டிராக்டரில் நெல் ஏற்றிச் செல்வோர் கவனத்திற்கு

தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் அறுவடை முடிந்ததும் நெல் பெரும்பாலும் டிராக்டர் டிரெய்லரிலேயே கொள்முதல் நிலையத்துக்குச் செல்கிறது. 40 கிலோ மூட்டைகள் 75 ஏற்றினால் பாரம் 3 டன். இழுக்கும் டிராக்டரின் எடையோ ஏறக்குறைய 2 டன்தான். ஆகவே அங்கத்தினர்கள் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளல் வேண்டும்.

முதலாவது, இணைப்பு. டிரெய்லரை டிராக்டரின் தாழ்ந்த கொக்கியிலேயே மாட்ட வேண்டும். பின் அச்சுக்கு மேலே மாட்டினால், ஆற்றங்கரை ஏறும்போது முன்சக்கரங்கள் தூக்கி, டிராக்டர் பின்புறமாகக் கவிழக்கூடும். இணைப்பு ஆணி நழுவாதிருக்கப் பூட்டூசியும், அது முறிந்தால் தாங்கிக்கொள்ளச் சங்கிலியும் அவசியம்.

இரண்டாவது, பிரேக். வயலில் திரும்புவதற்காகத் தனித்தனியே அமைந்த இரு பிரேக் மிதிகளையும் சாலைக்கு வருமுன் ஒன்றாகப் பூட்டிவிடுக. இல்லாவிடில் ஒரு சக்கரம் மட்டும் நின்று வண்டி குடைசாயக்கூடும். கரை இறங்கும்போது குறைந்த கியரிலேயே இறங்குக. கிளச்சை மிதித்தால் எஞ்சினின் பிடிப்பு அற்று, பின்பாரம் டிராக்டரைத் தள்ளிக்கொண்டு போகும்.

மூன்றாவது, பாரம். இருசக்கர டிரெய்லரின் பின்பக்கத்தில் மூட்டை மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும்பி, டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். முன்பக்கத்தில் மிகுந்தால் டிராக்டரின் முன்சக்கரங்கள் இலேசாகி, திருப்பிய பக்கம் திரும்பா. அச்சின்மேல் பரவலாக, சற்றே முன்சாய்வாக அடுக்குவதே முறை.

நான்காவது, இரவுப் பயணம். பின்புறச் சிவப்பு விளக்கையும் ஒளிப்பட்டையையும் சாக்கோ வைக்கோலோ மறைக்கலாகாது. மூட்டைகளின்மேல் ஆட்களை ஏற்றுவதும் கூடாது.

சங்கத்தின் டிராக்டரை வாடகைக்குப் பெறுவோர், புறப்படுமுன் ஆணி, சங்கிலி, விளக்கு இவற்றைத் தாமே பார்த்துக்கொள்க. குறை காணின் அதனைச் சரிசெய்த பின்னரே மூட்டை ஏற்றுக.