வாஷிங் மெஷின் பழுதும் நம் கடைப் பவுடரும்

"உங்க கடைப் பவுடரைப் போட்டதுலதான் மெஷின் நின்னுபோச்சு" என்று காலி பாக்கெட்டோடு வந்து நிற்கும் வாடிக்கையாளரை நம்மில் பலர் பார்த்திருப்போம். பதில் தெரியாமல் விழித்தால் பழி நம் தலையில் தங்கும். பல வருட வாடிக்கையும் பக்கத்துக் கடைக்குப் போகும். மெஷினைப் பிரித்துப் பழுது பார்ப்பது நம் வேலையல்ல. குறை பவுடரிலா, தண்ணீரிலா, வேறெதிலா என்று சொல்லத் தெரிந்திருந்தால் போதும்.

முதலில் பவுடர். முன்பக்கம் கதவுள்ள மெஷின் குறைந்த தண்ணீரில் துணியைத் தூக்கிப் போட்டுத் துவைப்பது. கைத்துவையலுக்கான பவுடரை இதில் போட்டால் நுரை பொங்கும். நுரை மெத்தைபோல் நின்று துணி விழுந்து அடிபடுவதைத் தடுக்கும், அழுக்குப் போகாது. அலசும் நேரம் நீளும், பவுடர் போடும் அறை வழியாக நுரை வழியும். ஆகவே இதற்கு நுரை அடக்கிய பவுடர்தான் ஏற்றது. மேல்மூடி மெஷினுக்கும் அதற்கென்று வரும் பவுடரே நல்லது.

அடுத்தது தண்ணீர். நம் மாவட்டத்தில் ஒரு வீட்டில் காவிரிக் கூட்டுக் குடிநீர், அடுத்த வீட்டில் போர் தண்ணீர். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த தண்ணீரே கடின நீர். குடிநீரில் இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012-ஆம் ஆண்டுத் தரவிதி கூறுகிறது. கடின நீரில் நுரை குறையும். நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் பவுடர் கொட்டுகிறார்கள். கரையாத பவுடர் துணியில் வெள்ளையாகப் படியும்; உலர்ந்தால் துணி மொடமொடக்கும். நுரையைப் பார்த்துப் போடாமல், பாக்கெட்டில் உள்ள அளவைப் பார்த்துப் போடச் சொல்ல வேண்டும்.

வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிகிறதல்லவா? தண்ணீரைச் சுடவைக்கும் மெஷினின் ஹீட்டரிலும் அதுவே படிகிறது. சூடேற நேரமாகும், கரண்டு கூடும், நாளடைவில் ஹீட்டரே போகும். இதற்கு மருந்து நம் கடையிலேயே உண்டு. எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலம் சுமார் 100 கிராமைத் துணியில்லாத டிரம்மில் போட்டு, 60 டிகிரி சூட்டில் ஒருமுறை ஓடவிட்டு, பிறகு வெறும் தண்ணீரில் அலசலாம். மெஷினோடு வந்த புத்தகம் வேறுவிதமாகச் சொன்னால் அதன்படியே செய்க. இதோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சான குளோரின் வாயு கிளம்பும். கழிவறை கழுவும் ஆசிட்டும் மெஷினுக்கு ஆகாது. இரண்டையும் நாமே விற்பதால், இந்த எச்சரிக்கையைச் சொல்வதும் நம் பொறுப்பு.

பவுடருக்குச் சம்பந்தமில்லாத பழுதுகளும் உண்டு. தண்ணீர் ஏறவில்லையென்றால், குழாய் சேருமிடத்துச் சிறு வலையில் மணலோ துருவோ அடைத்திருக்கும். தண்ணீர் வெளியேறவில்லையென்றால், அடிப்பக்க வடிகட்டியில் காசோ பொத்தானோ ஹேர்பின்னோ சிக்கியிருக்கலாம்; கழிவுக் குழாய் மடங்கியும் இருக்கலாம். பிழியும்போது மெஷின் குதித்தால், துணி ஒருபக்கம் குவிந்திருக்கும், அல்லது கால்கள் சமமாக இராது. வாடை வந்தால், துவைத்தபின் கதவைச் சற்றுத் திறந்து வைத்து ரப்பர் வளையத்தைத் துடைக்க வேண்டும். எதைத் தொடுவதானாலும் முதலில் பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூட வேண்டும். உடம்பில் கரண்டு அடித்தால் உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்க வேண்டும். அதுவரை மெஷினை ஓட்டக் கூடாது.

இனிக் கடையில் நாம் செய்ய வேண்டியது. கைத்துவையல், மேல்மூடி, முன்கதவு என மூன்று வகைப் பவுடரையும் தனித்தனித் தட்டில் அடுக்குவோம். பவுடர் கேட்பவரிடம், "மெஷினுக்கா, கைக்கா? மெஷினென்றால் கதவு மேலேயா, முன்னாலா?" என்று கேட்போம். லாபம் கூடுதல் என்பதற்காக, "எந்த மெஷினுக்கும் போடலாம்" என்று வாயால் உத்தரவாதம் கொடுத்துவிடக் கூடாது. தயாரிப்பாளர் சொல்லாததை விற்பவர் தாமாக உறுதி கூறி, அது பொய்த்து நஷ்டம் உண்டானால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்பவரே பொறுப்பாளி ஆகலாம்.

பத்து ரூபாய்ப் பாக்கெட்டுக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். ஆனால் மெஷின் என்பது ஒரு குடும்பம் தவணை கட்டி வாங்கிய பொருள். அதைக் காப்பாற்ற வழி சொன்ன கடைக்காரரை அந்த வீட்டம்மா மறக்க மாட்டார்; அடுத்த மாதத்துப் பலசரக்குச் சீட்டும் நம் கடைக்கே வரும்.