வெள்ளைப்படுதல்: கிருமிநாசினியா, ஆன்டிபயாடிக்கா?

தொம்மலூரில் முப்பது வருஷம் மருந்து வியாபாரம் செய்தவன் நான். நம் வீட்டுப் பெண்கள் இந்த விஷயத்தை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, கடைப்பையன் எடுத்துக் கொடுத்த மாத்திரையோடு போய்விடுவார்கள். நோய் ஒன்றா என்ன? தயிர்த்திப்பி போலப் பட்டு அரித்தால் பெரும்பாலும் காளான்; ஆன்டிபயாடிக் அதைக் கிளப்பித்தான் விடும். மீன்வாடை வீசினால் (சைவனாகிய நான் புத்தகத்தை நம்பிச் சொல்கிறேன்) பாக்டீரியா. அதற்கு மெட்ரோனிடசோல் கேட்கும், ஆனாலும் பலருக்குத் திரும்பி வரும்.

போலந்து, செக், ஸ்லோவாக்கியா நாடுகளில் 147 பெண்களிடம் நடந்து 2024-ல் வெளியான ஆய்வில், டீகுவாலினியம் குளோரைடு என்ற கிருமிநாசினி மாத்திரையை 6 நாள் உள்ளே வைத்தவர்கள், மெட்ரோனிடசோல் 7 நாள் விழுங்கியவர்களுக்குச் சளைக்காமல் குணமானார்கள்.

டிரைக்கோமோனாஸ் என்றால் கதை வேறே. கணவரும் சேர்ந்து மாத்திரை விழுங்கணும். டெட்டால் தண்ணீர் விட்டு உள்ளே கழுவுவதோ, காவல் நிற்கும் லாக்டோபேசில்லஸையும் சேர்த்துக் கொன்றுவிடும்.