நொடித்த தொழில்கள் தந்த கிறிஸ்துமஸ்

1930-களில் அமெரிக்க வீடுகள் பலவற்றைக் குளிர்காலத்தில் நிலக்கரி அடுப்புகள்தான் காப்பாற்றின. கதகதப்போடு கரியும் சேர்ந்து வந்தது. சுவரில் ஒட்டிய அலங்காரத் தாளில் புகைக்கரி படியும். தண்ணீர் விட்டுத் துடைத்தால் தாள் பாழ். அதற்காகவே சின்சினாட்டி நகரில் குட்டால் என்ற நிறுவனம், பிசைந்த மாவு போன்ற ஒன்றைத் தயாரித்து விற்றது. சுவரில் வைத்துத் தேய்த்தால் கரி அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எரிவாயுவும் எண்ணெயும் அடுப்புகளில் நிலக்கரியின் இடத்தைப் பிடித்தன. கழுவக்கூடிய வினைல் தாள்களும் வந்தன. சுவர் துடைக்கும் மாவை யார் வாங்குவார்கள்? நிறுவனம் மூழ்கும் நிலையில், அதைச் சேர்ந்த ஜோ மெக்விக்கருக்குக் கைகொடுத்தவர் அவருடைய உறவினரும் மழலையர் பள்ளி ஆசிரியையுமான கே ஸுஃபால். அந்த மாவில் கிறிஸ்துமஸ் அலங்காரங்கள் செய்யலாம் என்று எங்கோ படித்தவர், அதைத் தன் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். கெட்டியான களிமண்ணோடு மல்லுக்கட்டிய பிஞ்சு விரல்களுக்கு அது இதமாக வளைந்துகொடுத்தது. 1956-ல் ‘ப்ளே-டோ’ கடைக்கு வந்தது. இன்று உலகமெங்கும் குழந்தைகள் உருட்டி விளையாடும் அந்த வண்ண மாவு, முதலில் கரி துடைத்த மாவு!

பண்டிகைக்கால பொம்மைகள் பலவற்றின் பூர்வீகத்தைத் தோண்டினால் இப்படி ஒரு பிழைப்புப் போராட்டம் தென்படுகிறது. அவற்றில் மனதை அதிகம் தொடுவது ஜெர்மனியின் செய்ஃபன் கிராமத்துக் கதை.

செக் எல்லையை ஒட்டிய தாதுமலைப் பகுதியில் இருக்கிறது செய்ஃபன். வெள்ளீயச் சுரங்கம்தான் அந்த ஊருக்குச் சோறு போட்டது. வெள்ளீயம் குறையக் குறைய, சுரங்கத் தொழிலாளிகள் மரம் கடைவதில் இறங்கினார்கள். காடு பக்கத்திலேயே இருந்தது; கடைசல் இயந்திரங்களை ஓட்ட ஓடைநீர் இருந்தது. 1849-ல் சுரங்கம் அடியோடு நின்றபோது ஊர் பொம்மைத் தொழிலுக்கு மாறியிருந்தது.

அவர்கள் கண்டுபிடித்த ஒரு நுணுக்கம் வியக்க வைக்கும். ஈரமான ஸ்ப்ரூஸ் மரத்துண்டை வளையமாகக் கடைவார்கள். கடையும்போது உள்ளே என்ன உருவம் இருக்கிறதென்று வெளியே தெரியாது. வளையத்தைக் குறுக்கே வெட்டினால், ஒவ்வொரு துண்டும் ஒரு குதிரையாகவோ பசுவாகவோ வந்து விழும். ஒரே வளையத்தில் ஒரு மந்தையே கிடைத்துவிடும். சல்லிசான விலைக்கு நிறைய செய்தாக வேண்டிய ஏழைகளின் மூளையில் உதித்த உத்தி இது.

வாயால் கொட்டை உடைக்கும் மரச் சிப்பாயும் இந்த வட்டாரத்துக்காரன்தான். செய்ஃபனில் 1870 வாக்கில் வில்ஹெல்ம் ஃப்யூஷ்ட்னர் கடைந்த உருவம்தான் இன்று உலகம் அறிந்த நட்கிராக்கருக்கு முன்மாதிரி. அரசன், சிப்பாய், காவலர் என்று அதிகாரத்தில் இருப்பவர்களின் முகத்தையே அதற்குக் கொடுத்தார்கள். ஊரை ஆட்டிப்படைத்தவர்கள் ஏழை வீட்டு மேசையில் கொட்டை உடைத்தார்கள்! சன்னலோரம் மெழுகுவத்தி ஏந்தி நிற்கும் சுரங்கத் தொழிலாளி பொம்மையும் இங்கே பிறந்ததுதான். குளிர்காலத்தில் விடியுமுன் குழிக்குள் இறங்கி, இருட்டிய பிறகு வெளியே வந்தவர்களுக்கு வெளிச்சத்தின் அருமை தெரியாதா என்ன?

லண்டனில் வேறு மாதிரி நெருக்கடி. பாரிஸில் வண்ணத்தாளில் முறுக்கிய மிட்டாயைப் பார்த்துவந்த டாம் ஸ்மித் என்ற மிட்டாய்க்காரர், 1840-களில் அதை இங்கிலாந்தில் விற்றார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் விற்பனை படுத்துவிட்டது. தாளுக்குள் காதல் வாசகம் வைத்துப் பார்த்தார். பிறகு இழுத்தால் ‘பட்’டென்று வெடிக்கும் பட்டையைச் சேர்த்தார். பிரிட்டிஷ் விருந்து மேசைகளில் இருவர் ஆளுக்கொரு முனை பிடித்து இழுக்கும் கிராக்கர் இப்படித்தான் உருவானது. உள்ளிருக்கும் காகிதக் கிரீடம் பின்னாளில் அவருடைய மகன் காலத்தில் சேர்ந்தது.

செய்ஃபனில் இன்றும் மரப் பொம்மைப் பட்டறைகள் இயங்குகின்றன. ஃப்யூஷ்ட்னர் குடும்பத்தின் பட்டறையும் அவற்றில் ஒன்று.