இசைத் திறனாய்வாளர் ஹாஃப்மன்

கோனிக்ஸ்பெர்க்கில் 1776இல் பிறந்த ஹாஃப்மன், மோட்சார்ட்டின்மீது கொண்ட பற்றினால் 'வில்ஹெல்ம்' என்னும் தம் பெயர்க்கூறை 'அமடேயுஸ்' என மாற்றிக்கொண்டவர். பிரஷ்ய நீதித்துறையில் பணியாற்றிய அவர் இன்று கதையாசிரியராகவே பெரிதும் அறியப்படுகிறார். எனினும், பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி குறித்து 1810இல் லைப்சிக் இசையிதழில் வெளியான அவரது திறனாய்வே அவருடைய இரு புலமைகளும் ஒன்றுகூடிய இடம் எனலாம். கருவியிசை பாட்டிசையினும் தாழ்ந்தது என்னும் கருத்து வலுப்பெற்றிருந்த காலத்தில், சொல்லின் துணை வேண்டாமையாலேயே அது கலைகள் அனைத்தினும் மிகுந்த புனைவியல் தன்மையுடையது என அவர் வாதிட்டார். அக்கட்டுரை வெறும் புகழுரையன்று. தொடக்கத்தில் ஒலிக்கும் சிறு இசைக்கூறு முதற்பகுதி முழுவதையும் எவ்வாறு கட்டியெழுப்புகிறது என்பதை இசைக்குறிப்புகளைக் காட்டி விளக்குகிறது. இசையமைப்பு அறிந்த ஒருவரே அவ்வாறு எழுதவியலும். அவரது இசைநாடகமான 'உண்டீனெ' 1816இல் பெர்லினில் அரங்கேறி வரவேற்பைப் பெற்றது. மறு ஆண்டு அவ்வரங்கு தீக்கிரையானதால் அதன் மேடையேற்றம் அங்கு நின்றுபோயிற்று.