உமிழ்வுக் கட்டுப்பாட்டின் தொடக்க காலமும் அமெரிக்கக் காவல்துறை மகிழுந்தின் வடிவமைப்பும்

முன்னுரை

அமெரிக்கக் காவல்துறையின் மகிழுந்துகள் காவற்பணிக்கெனத் தனியே உருவானவை அல்ல. பொதுமக்களுக்கு விற்கப்பட்ட நான்கு கதவுப் பெரிய மகிழுந்திலேயே வலுவான ஸ்பிரிங்குகள், பெரிய ரேடியேட்டர், கூடுதல் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், துல்லியம் சரிபார்க்கப்பட்ட வேகமானி முதலியவற்றைப் பொருத்தி நிறுவனங்கள் அளித்தன. ஆகவே பொது வண்டிக்கான விதி காவலரின் வண்டியையும் கட்டுப்படுத்தியது. 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம், ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றின் உமிழ்வை 1975ஆம் ஆண்டு மாதிரிகளில் 90 விழுக்காடு குறைக்கப் பணித்தது. பின்னர் இக்காலக்கெடு நீட்டிக்கப்பட்டது. அரசு இயற்றிய விதியை அரசின் துரத்தல் வண்டி எவ்வாறு எதிர்கொண்டது என்பதே இக்கட்டுரையின் வினா.

குதிரைத்திறன் எண்களும் வெப்பமும்

1969ஆம் ஆண்டு டாட்ஜ் போலாராவின் 440 கன அங்குல (7.2 லிட்டர்) எஞ்சினுக்கு 375 குதிரைத்திறன் அறிவிக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டு டாட்ஜ் மொனாக்கோவில் அதே கொள்ளளவுக்கு 275 என்றே குறிக்கப்பட்டது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, சட்டம் 100 குதிரைத்திறனை விழுங்கிவிட்டது என்று கூறுவதுண்டு. அக்கூற்று ஏற்கத்தக்கதன்று. முன்னர் எஞ்சினைத் துணைக்கருவிகளின்றித் தனியே அளந்தனர்; 1972 முதல் வண்டியில் இயங்கும் நிலைக்கு ஒப்ப அளந்தனர். கிரைஸ்லர் நிறுவனம் 1971இல் ஒரே எஞ்சினுக்கு 370, 305 என இரு அளவுகளையும் வெளியிட்டது. ஒத்த அளவையில் நோக்கின், 1971க்கும் 1974க்கும் இடைப்பட்ட இழப்பு ஏறத்தாழ 30 மட்டுமே.

ஆற்றல் இழப்பினும் வெப்பமே பெரிய சிக்கல் என்பது என் கருத்து. அமுக்க விகிதம் 10.1இலிருந்து 8.2ஆகக் குறைந்தது, தீப்பொறியும் தாமதப்படுத்தப்பட்டது. எரிதல் பிந்தும்போது வெப்பத்தின் பெரும்பங்கு வேலையாக மாறாமல் புகைக்குழாய்க்கும் குளிர்நீருக்கும் செல்கிறது. காவல் வண்டியோ நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் எஞ்சினை ஓடவிட்டு, நொடியில் முழுவேகம் எடுக்க வேண்டியது. 1975 முதல் பரவலான வினையூக்கி மாற்றி இதனை மேலும் கடினமாக்கியது. எரியாத எரிபொருள் அதனுள் எரிவதால் அதன் வெப்பநிலை உயரும். காய்ந்த புல்லின்மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பற்றக்கூடும். ஈயம் வினையூக்கியைச் செயலிழக்கச் செய்யுமாதலால் ஈயமற்ற பெட்ரோலும் கட்டாயமாயிற்று. (1980இல் வெளிவந்த ‘தி புளூஸ் பிரதர்ஸ்’ திரைப்படத்தில், நாயகர்கள் பழைய மொனாக்கோ காவல் வண்டியை மெச்சும் காரணங்களுள் இம்மாற்றி அதில் இல்லாமையும் ஒன்று.)

கலிபோர்னியாவின் நெருக்கடி

இரு வழிகள் இருந்தன. எடையைக் குறைப்பது ஒன்று: லாஸ் ஏஞ்சலஸ் வட்டார ஷெரிஃப் துறையின் ஈடுபாட்டுடன் 1975ஆம் ஆண்டு மாதிரியாக வந்த செவர்லே நோவா காவல் வண்டி, சிறிய உடலில் 350 கன அங்குல எஞ்சினைக் கொண்டிருந்தது. பெரிய எஞ்சினைப் பற்றிக்கொண்டிருப்பது மற்றொன்று. 440 எஞ்சின் 1978உடன் முடிந்தபோது அவ்வழி அடைபட்டது. நாட்டிலேயே கடுமையான உமிழ்வு விதிகளையுடைய கலிபோர்னியாவில், நெடுஞ்சாலை ரோந்துப் படையின் 1980ஆம் ஆண்டு டாட்ஜ் செயின்ட் ரெஜிஸ் வண்டிகளுக்கு 318 கன அங்குல எஞ்சினே வாய்த்தது. பெரிய உடல், சிறிய எஞ்சின். துரத்தலில் அவை பின்தங்கின. தன் மாநிலத்தின் விதியே தன் பணிக்குத் தடையாவதைப் படை நேரில் கண்டது.

1982இல் அப்படை ஏறக்குறைய 400 ஃபோர்டு மஸ்டாங் வண்டிகளை வாங்கியது. வேகம் மீண்டது. ஆனால் இரு கதவு கொண்ட அவ்வண்டியின் குறுகிய பின்னிருக்கை கைதானவரை ஏற்றிச்செல்ல ஏற்றதன்று. அப்பணி நான்கு கதவு வண்டிகளிடமே தங்கியது.